வேலியை வெட்டியவர்களில் ஒருவன் எழுதும் மடல்

நுரையீரல் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான மருந்துச் சோதனைகளை வடிவமைப்போருக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குவோருக்கும், அனுமதி வழங்கும் நெறிக்குழுக்களின் உறுப்பினர்களுக்கும்

மதிப்பிற்குரியோரே,

நான் நெஞ்சக நோய் மருத்துவன். நுரையீரலில் தழும்பு படர்ந்து மூச்சு சுருங்கிப்போனவர்களைப் பார்ப்பதே என் பணியின் பெரும்பகுதி. 2005க்கும் 2011க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அப்படி வந்தவர்களுக்கு பிரெட்னிசோலோன், அசாதயோப்ரின் (இரண்டும் எதிர்ப்பாற்றலை அடக்குபவை), என்-அசிட்டைல்சிஸ்டீன் (ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுப்பது) என்று மூன்று மருந்துகளைச் சேர்த்து எழுதிக்கொடுத்தேன். எனக்குக் கற்பித்தவர்களும் அதையே எழுதினார்கள். என்னிடம் கற்றவர்களும் அதையே எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, வறட்டு இருமல் ஓராண்டாக நிற்கவில்லை என்றார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது, ஒட்டியிருக்கும் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற அந்த ஒலி இரு பக்கமும் கேட்டது. சிடி ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதி தேன்கூடாகத் தெரிந்தது. காரணம் கண்டறிய முடியாத வகை. மருந்தை எழுதிவிட்டு, எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "வேலியே பயிரை மேய்கிறது, ஐயா. உங்களைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நுரையீரலைத் தின்கிறது. அதை அடக்கிவைத்தால் நோயும் அடங்கும்." அவர் சற்று யோசித்துவிட்டு, "எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவுசெய்கிறீர்கள், டாக்டர்?" என்று கேட்டார். உடல் எடையை வைத்து என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. ஏழு மாதங்கள் கழித்து, நான்கே நாட்களில் மூச்சு மோசமாகி இறந்துபோனார்.

என் மருந்துதான் அவரைக் கொன்றது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கொல்லவில்லை என்று சொல்லவும் இல்லை. அவர் கேட்ட கேள்வியை உங்களிடம் கொண்டுவருவதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

2011 அக்டோபரில், அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த பாந்தர் என்னும் சோதனையின் ஒரு பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. மும்மருந்து பெற்ற 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 78 பேரில் ஒருவர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மும்மருந்துக் குழுவில் 23, மற்றதில் 7. அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த எண்களைவிட என்னைக் குடைந்தது வேறொன்று. நாங்கள் அதுவரை நம்பியிருந்த 2005ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில் இரு குழுவினருக்குமே பிரெட்னிசோலோனும் அசாதயோப்ரினும் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு மட்டும் மூன்றாவது மருந்து கூடுதல். அந்தக் குழுவினரின் நுரையீரல் கொள்ளளவு சற்று மெதுவாகக் குறைந்தது என்பதால் மூன்றும் சேர்ந்ததே சிறந்த சிகிச்சை என்று முடிவுகட்டினோம். முதல் இரண்டும் இல்லாத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லவே இல்லை. தீங்கு இரு தட்டிலும் சமமாக இருந்தால் தராசு அதைக் காட்டாது. அப்போது பயிற்சியில் இருந்த எந்த மாணவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை.

இது என் முதல் தவறு. இரண்டாவது தவறை நாம் எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்று நினைக்கிறேன். அது இன்னும் முடியவில்லை.

பாந்தருக்குப் பிறகு, "இது அழற்சி நோயே அல்ல; நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் வேலை இல்லை; சேதமடைந்த மேற்பரப்புச் செல்களும், தழும்புத் திசுவை நெய்யும் அடங்காத ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் மட்டுமே காரணம்" என்று பாடம் எழுதிக்கொண்டோம். மாநாடுகளில் அப்படித்தான் பேசினோம். அந்தச் சோதனை சொன்னதோ அதைவிடச் சிறிய செய்தி: எல்லோருடைய எதிர்ப்பாற்றலையும், எந்த நிலையில் இருந்தாலும், மொத்தமாக மழுக்கினால் ஆட்கள் சாகிறார்கள். எதிர்ப்பு மண்டலம் அனுப்பும் குறிப்புகளுக்கும் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைகளுக்கும்) தழும்புக்கும் உறவில்லை என்று அது சொல்லவில்லை. அதைச் சோதிக்கக்கூட இல்லை. வேலியை அடியோடு வெட்டிப் பார்த்துவிட்டு, பயிர் நாசமானதும், வேலிக்கும் பயிருக்கும் தொடர்பில்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிந்த விஷயங்களைத்தான் இனி சொல்லப்போகிறேன். ஆனால் நிதி ஒதுக்கும் மேசையிலும் நெறிக்குழுவிலும் எல்லோரும் உயிரியல் படித்தவர்களாக இருப்பதில்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஒருவரின் நுரையீரல்களில் சராசரியாக 48 கோடி காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆக்சிஜன் அதைத் தாண்டித்தான் இரத்தத்தில் சேர்கிறது. அந்தச் சுவரில் காயம் பட்டால் அதைச் செப்பனிடுபவை இரண்டாம் வகைச் செல்கள் எனப்படுபவை. புகை, நுண்தூசி, வைரஸ், இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம் எனச் சின்னச் சின்னக் காயங்கள் ஆண்டுக்கணக்கில் விழும்போது இவை ஓய்ந்துபோகின்றன. முதுமையும் மரபும் சேர்ந்துகொண்டால் இன்னும் சீக்கிரம். ஓய்ந்த செல்கள் உடனே செத்துவிடுவதில்லை. இரண்டாகப் பிரிந்து பெருகும் ஆற்றலை இழந்து, சுவரிலேயே உட்கார்ந்துகொண்டு, உதவி கேட்டுக் கத்திக்கொண்டே இருக்கின்றன. இன்டர்லூகின்-6, சிசிஎல்2 போன்ற மூலக்கூறுகள்தான் அந்தக் கூச்சல். ஆக, முதல் குரல் நோயெதிர்ப்புச் செல்லுடையது அல்ல; நுரையீரலின் சொந்தச் செல்லுடையது. 'எதிர்ப்பாற்றல் தவறாகத் தாக்குகிறது' என்று நான் நோயாளிகளிடம் சொல்லிவந்த விளக்கம் இந்த இடத்திலேயே சரிந்துவிடுகிறது.

அந்தக் குரலைக் கேட்டு, எலும்பு மஜ்ஜையில் பிறந்த மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் இரத்தத்தின் வழியே வந்து இறங்குகின்றன. நுரையீரலுக்குள் மேக்ரோஃபேஜ்களாக, அதாவது அந்நியத் துகள்களை விழுங்கும் செல்களாக, உருமாறுகின்றன. காற்றுப்பைகளில் பிறந்த காலத்திலிருந்தே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களும் உண்டு. பல காலம் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவந்தோம். 2017இல் வெளியான எலி ஆய்வு ஒன்று அவற்றைப் பிரித்துப் பார்த்தது. புதிதாக வந்தவற்றை மட்டும் அகற்றியபோது தழும்பு குறைந்தது. பழைய குடிகள் நிரபராதிகள். 2019 முதல் வந்த ஒற்றைச் செல் மரபணு ஆய்வுகள் மனித நுரையீரலிலும் இதற்கு இணையான ஒரு கூட்டத்தைக் காட்டின. எஸ்பிபி1 என்னும் மரபணுவை மிகுதியாக இயக்கும் மேக்ரோஃபேஜ்கள், தழும்பு வளரும் இடங்களில் ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கு அருகில் குவிந்திருக்கின்றன. அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாகத் திரிந்து, தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனைக் கொட்டுகின்றன.

இவற்றில் தலையாய காரணி டிஜிஎஃப்-பீட்டா. அதன் கதைதான் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது. அது பூட்டிய நிலையில் திசுவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. இன்டெக்ரின் எனப்படும் செல்பரப்புப் புரதங்கள் இழுத்துத் திறந்தால் வேலை தொடங்குகிறது. இழுப்பதற்குப் பிடிமானம் வேண்டும். திசு எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் பூட்டு திறக்கிறது. தழும்பு விறைப்பைத் தருகிறது. விறைப்பு டிஜிஎஃப்-பீட்டாவை விடுவிக்கிறது. அது மேலும் தழும்பை உண்டாக்குகிறது. இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கியபின், முதலில் கத்திய செல் வாயை மூடிக்கொண்டாலும் நோய் நிற்காது. அழற்சியை அடக்கும் மருந்துகள் தாமதமாகக் கொடுக்கப்பட்டால் ஏன் பயனற்றுப் போகின்றன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் டிஜிஎஃப்-பீட்டாவையே அடைத்துவிட்டால்? அதே மூலக்கூறுதான் எதிர்ப்பு மண்டலத்தின் கடிவாளமும். டிஜிஎஃப்-பீட்டா1 இல்லாமல் பிறக்கச்செய்த எலிகள் பல உறுப்புகளிலும் அழற்சி பரவிச் சில வாரங்களில் இறந்துவிடுகின்றன என்பது 1992, 1993ஆம் ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. அதை நேரடியாகத் தொடாமல், பூட்டைத் திறக்கும் இன்டெக்ரினைத் தடுத்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரினுக்கு எதிரான ஒரு எதிர்ப்புரதத்தின் இரண்டாம் கட்டச் சோதனை, மருந்து பெற்றவர்களிடம் திடீர் மோசமடைதல்களும் மரணங்களும் தெரிந்ததால் நிறுத்தப்பட்டது. அதே வழியில் வந்த பெக்ஸோடெகிராஸ்ட் என்னும் மாத்திரையின் சோதனையும் 2025இல் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரையால் நின்றது. தழும்பை உண்டாக்கும் கையும் அழற்சியை அடக்கும் கையும் ஒன்றாக இருக்கும்போது, அந்தக் கையை எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

தூசியால் வரும் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிக்கா துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜால் அதைச் செரிக்க முடிவதில்லை. உள்ளிருக்கும் என்எல்ஆர்பி3 என்னும் எச்சரிக்கை அமைப்பு தூண்டப்பட்டு இன்டர்லூகின்-1 பீட்டா வெளியாகிறது என்பதை 2008இல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. செல் சாகிறது, துகள் வெளியே விழுகிறது, இன்னொன்று வந்து அதை விழுங்குகிறது. தூசியில் வேலை செய்வதை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின்பும் சிலரின் நோய் ஏன் முற்றிக்கொண்டே போகிறது என்பதை இந்த ஒரு துகளின் பயணமே சொல்லிவிடும். ஆனாலும் பெரும்பாலான பெரிய சோதனைகளின் வாசலில் இவர்கள் நிறுத்திவைக்கப்படுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நாம் செய்த சோதனைகளைத் திரும்பிப் பாருங்கள். 1999இல் 18 பேரை மட்டும் வைத்து நடந்த ஆய்வு, எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் புரதமான இன்டர்ஃபெரான்-காமாவை மருந்தாகக் கொடுத்தால் பலனளிக்கிறது என்றது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 826 பேரிடம் சோதித்தபோது உயிர்காக்கும் பலன் எதுவும் இல்லை. 2009இல் அந்த முடிவு வெளியானது. டிஎன்எஃப் என்னும் அழற்சிக் காரணியைத் தடுக்கும் எட்டனர்செப்ட் தோற்றது. இன்டர்லூகின்-13ஐத் தடுக்கும் எதிர்ப்புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. சிசிஎல்2ஐத் தடுத்த மருந்தும் தோற்றது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த மூலக்கூறின் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனோம். அந்தக் குறிப்பு யாருடைய நுரையீரலில் உண்மையிலேயே ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது என்று பார்த்துச் சேர்த்தவை மிகக் குறைவு. ஒரு நிறுத்தத்தில் இறங்க வேண்டியவரும் ஏற வேண்டியவரும் கலந்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, பஸ் நின்றதால் பயணிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்று எழுதுவதுபோன்ற சராசரி அது.

எலிகளிலும் இதே கோளாறுதான். ப்ளியோமைசின் கொடுத்து நுரையீரலைக் காயப்படுத்துகிறோம். முதல் வாரம் முழுக்க அழற்சி; தழும்பு அதன்பிறகே. முதல் நாளிலேயே மருந்தைக் கொடுத்து, தழும்பு குறைந்தது என்று அறிக்கை எழுதினால், தடுத்தது அழற்சியைத்தான். என்னிடம் வருபவர் யாரும் முதல் நாளில் வருவதில்லை. மேலும் அந்த எலிகள் இளமையானவை. பல வாரங்களில் அவற்றின் தழும்பு பெரும்பாலும் தானே கரைந்துவிடும். என் நோயாளிகளில் பெரும்பாலோர் 60ஐத் தாண்டியவர்கள். அவர்களின் தழும்பு கரைவதில்லை. கரையாமல் இருக்கச்செய்யும் குறிப்பு எது என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. இளம் எலியிடம் அதைக் கேட்பது வீண். வயதான எலிகளிலும் தாமதமாகத் தொடங்கும் சிகிச்சையிலும் பலன் காட்டாத எதற்கும் மனிதச் சோதனைக்கு நிதி தராதீர்கள் என்று கேட்கும் அளவுக்கு இதில் எனக்கு உறுதி இருக்கிறது. அதனால் செலவு கூடும், காலம் கூடும். தெரிந்தே சொல்கிறேன்.

சரியாகக் கேட்ட கேள்விக்குச் சரியான விடை வந்ததும் உண்டு. தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மா நோயில் நுரையீரலும் தழும்பேறும். டோசிலிசுமாப், இன்டர்லூகின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் மருந்து. அதன் மூன்றாம் கட்டச் சோதனையில் நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களையும், இரத்தத்தில் அழற்சிக் குறிகள் உயர்ந்திருந்தவர்களையும் தேர்ந்து சேர்த்தார்கள். தோலின் இறுக்கத்தைக் குறைப்பதே முதன்மை இலக்கு; அதில் தோற்றது. நுரையீரல் கொள்ளளவோ மருந்து பெற்றவர்களிடம் ஏறக்குறைய நிலைத்து நின்றது. 2021இல் அமெரிக்கா இந்த நுரையீரல் நோய்க்கு அதை அங்கீகரித்தது. அழற்சியின் குரல் இன்னும் ஓங்கியிருக்கும் கட்டத்தில், அந்தக் குரல் அளவிடப்பட்ட ஆட்களிடம், ஒரே ஒரு குறிப்பைத் தடுத்தார்கள். அந்தச் சோதனையின் சேர்க்கை விதிகள் இருக்கும் பக்கத்தை என் மாணவர்கள் எல்லோரையும் படிக்கவைத்திருக்கிறேன்.

காரணமறியா வகையிலும் கதவு திறக்கிறது. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்னும் மருந்துகள் இரண்டும் 2014இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன, கொள்ளளவு சரியும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்குகின்றன, நோயை நிறுத்துவதில்லை. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலான வறட்சி. 2025இல் நெரண்டோமிலாஸ்ட் என்னும் மருந்து வந்தது. அது தடுக்கும் பிடிஇ4பி என்னும் நொதி நோயெதிர்ப்புச் செல்களிலும் வேலை செய்கிறது. ஆகவே அது தழும்பையும் அழற்சிக் குறிப்புகளையும் சேர்த்தே தணிக்கிறது. 1,177 பேர் பங்கேற்ற சோதனையில், ஓராண்டில் வெற்று மாத்திரைக் குழுவினர் சுமார் 183 மில்லிலிட்டர் கொள்ளளவை இழந்தபோது, அதிக அளவு மருந்து பெற்றவர்கள் சுமார் 115 மில்லிலிட்டரை இழந்தார்கள். மாபெரும் வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் 'இது எதிர்ப்பு மண்டலத்தின் விவகாரமே அல்ல' என்று மேடையில் பேசியவர்கள் (நானும் பேசியிருக்கிறேன்) திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி, என் தூக்கத்தைக் கெடுக்கும் தாளைப் பற்றிச் சொல்கிறேன்.

2019இல் ஓர் ஆய்வு, பல ஆயிரம் நோயாளிகளின் பதிவுகளை அலசி, இரத்தத்தில் மோனோசைட் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 950 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்று சொன்னது. புதிய கருவி தேவையில்லை, விலையுயர்ந்த மரபணுச் சோதனை தேவையில்லை. எந்த நாட்டிலும் எந்த ஆய்வகத்திலும் எடுக்கும் சாதாரண இரத்த எண்ணிக்கை அறிக்கையில் ஐந்தாவது ஆறாவது வரியில் அச்சாகி வரும் எண் அது. எலும்பு மஜ்ஜையிலிருந்து நுரையீரலை நோக்கிக் கிளம்பிய அந்தச் செல்களைத்தான் அது எண்ணுகிறது. படித்த வாரமே என் பழைய கோப்புகளைத் தேடினேன். கணித ஆசிரியரின் முதல் நாள் அறிக்கையில் 1,100 என்று இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து: 'பார்க்கப்பட்டது'. ஒருவரின் ஒற்றை எண்ணை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதை அறியாதவன் அல்ல நான். ஆயினும் அவர் எதை வைத்து முடிவுசெய்கிறீர்கள் என்று கேட்டபோது, விடையின் ஒரு துண்டு என் மேசைமேல் கிடந்திருக்கிறது.

இன்னொரு துண்டு டெலோமியரில் இருக்கிறது. குரோமோசோம்களின் நுனிக் கவசமான டெலோமியர் வயதுக்கேற்ற அளவைவிட மிகக் குட்டையாக இருப்பவர்களுக்கு இந்த நோய் கடுமையாக வரும். பாந்தர் சோதனையில் சேமித்துவைத்த இரத்தத்தை வைத்து 2019இல் ஒரு குழு மறுஆய்வு செய்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் தீங்கு, டெலோமியர் நீளத்தில் கடைசிப் பத்து சதவீதத்துக்குள் இருந்தவர்கள்மேல்தான் பெரும்பாலும் குவிந்திருந்தது. அவர்களின் எலும்பு மஜ்ஜையும் எதிர்ப்புச் செல்களும் ஏற்கனவே நலிந்தவை. அதன்மேல் அசாதயோப்ரினையும் ஏற்றினோம். டாலிப் என்னும் மரபணு, எதிர்ப்பு மண்டலத்தின் முதல்நிலை எச்சரிக்கைகளைக் கட்டுப்படுத்துவது. அதன் ஒரு வடிவம் கொண்டவர்களுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் உதவியிருக்கலாம், வேறு வடிவம் கொண்டவர்களுக்குத் தீங்கு செய்திருக்கலாம் என்பதும் அதே சேமிப்பிலிருந்து 2015இல் கிடைத்த குறிப்பு. அதைப் பின்பற்றி, குறிப்பிட்ட மரபணு வடிவம் கொண்டவர்களை மட்டும் சேர்த்து ஒரு சோதனையே வடிவமைக்கப்பட்டது. அதன் முடிவு எப்படியிருந்தாலும் அந்தக் கேள்வியின் வடிவம் சரி.

கவனியுங்கள்: பாந்தர் நமக்கு இரண்டு முறை கற்பித்தது. முதல் முறை எட்டுப் பேரின் மரணத்தால். இரண்டாம் முறை, யாரோ ஒருவர் குளிர்பெட்டியில் இரத்தத்தைப் பத்திரப்படுத்தியதால். அந்த இரத்தம் இல்லையென்றால் அந்த மரணங்களிலிருந்து ஒற்றை வரி எச்சரிக்கைதான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே நான் முதலில் கேட்பது இதுதான். இந்த நோய்க்கான எந்தச் சோதனையும் பங்கேற்பாளர்களின் இரத்தத்தைத் தொடக்கத்திலும் இடையிலும் நோய் மோசமாகும் நேரத்திலும் எடுத்துச் சேமிக்காமல் நடக்கக் கூடாது. சோதனை தோற்றால் அந்தச் சேமிப்பைப் பிற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் உறுதிமொழி தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். வென்ற சோதனையின் மாதிரிகளைக் காப்பதற்கு நிறுவனங்களுக்குக் காரணம் உண்டு. தோற்றதன் மாதிரிகள் யாருக்கும் வேண்டாதவையாகிக் கிடக்கின்றன. எனக்கு வேண்டியவை அவைதான். நெறிக்குழுவினரே, இதை நீங்கள் ஒரு நிபந்தனையாக வைத்தாலே போதும். வேறு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

மோனோசைட் எண்ணிக்கையைச் சேர்க்கை நேரத்திலேயே பதிந்து, அதன்படி பங்கேற்பாளர்களைப் பிரித்து, முடிவுகளை அவ்வாறே வெளியிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. இதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு எளிது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைச் சோதிப்பதாக இருந்தால் டெலோமியர் நீளத்தையும் அளந்துவிடுங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை. தெரிந்த ஆபத்தை அளக்காமல் மருந்து கொடுப்பதை இனி அறியாமை என்று யாரும் சொல்ல முடியாது.

திடீர் மோசமடைதலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் நோயாளிகளில் பலர் மெல்லத் தேய்ந்து இறப்பதில்லை. நேற்றுவரை நடந்தவர் இன்று ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருப்பார். ஸ்கேனில் பழைய தேன்கூட்டின்மேல் புதிதாகப் பனிமூட்டம் படர்ந்திருக்கும். மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்புவதில்லை. பிழைத்தவர்களுக்கும் பெரும்பாலும் மாதங்களே மிச்சம். ஆண்டுக்கணக்கில் தணிந்து எரிந்த குறிப்புகள் ஒரே வாரத்தில் கொழுந்துவிடும் நேரம் அது. நோயெதிர்ப்புச் சமிக்ஞைகளைப் படிக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டென்றால் அதுவே. ஆனால் அந்த நேரத்தில் நாம் செய்வது என்ன? ஸ்டீராய்டை அதிக அளவில் ஏற்றுகிறோம். 2011ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலே அதற்கு வலுவற்ற பரிந்துரையைத்தான் கொடுத்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடைச் சேர்த்துப் பார்த்த பிரெஞ்சுச் சோதனையின் முடிவு 2022இல் வந்தது: மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவில் 45 சதவீதம் பேர் இறந்தார்கள், சேர்க்காத குழுவில் 31 சதவீதம். புள்ளியியல் உறுதியை அந்த வேறுபாடு எட்டவில்லைதான். ஆனாலும் அது சுட்டும் திசை எனக்குப் பழகிய திசை. பாந்தரில் பார்த்தது.

பெரும்பாலான சோதனைகள் அண்மையில் இப்படி மோசமடைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்ந்தபின் மோசமடைபவர்கள் ஒரு புள்ளியாக எண்ணப்படுவதோடு சரி. அன்று அவர்களின் இரத்தத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பவர் இல்லை. இறப்பவர்கள் அதிகம் என்பதால் முடிவுகள் கெட்டுப்போகும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் அவர்களை விட்டுவிட்டு நடத்தும் ஆராய்ச்சி, நோயின் மிகக் கொடிய கட்டத்தைத் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் படிக்கிறது. முன்கூட்டியே ஒப்புதல் பெற்றுவையுங்கள். நலமாக இருக்கும் நாளில் கேட்டால் பெரும்பாலோர் மனமார ஒப்புக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் மறுத்தவர்கள் மிகக் குறைவு.

ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் ஒன்று. 'இந்த மருந்து உங்கள் நுரையீரலில் உள்ள அழற்சியைக் குறைக்கும்' என்ற வரியை இன்னும் பார்க்கிறேன். அதை நீக்குங்கள். எந்தக் குறிப்பைத் தடுக்கப்போகிறோம், அதே குறிப்பு உடம்பில் வேறு என்ன நல்ல வேலை செய்கிறது, உங்களிடம் அது மிகுந்திருக்கிறதா என்று பார்த்தோமா இல்லையா: இந்த மூன்றையும் எளிய மொழியில் எழுதலாம். கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள். கணித ஆசிரியர் என் விளக்கத்தைவிடக் கூர்மையாக யோசித்தார் என்பதை மறக்க முடியவில்லை.

என் பங்குக்கு நான் தரக்கூடியது சிறிது. இருபது ஆண்டுக்கும் மேலான நோயாளிகளின் இரத்த எண்ணிக்கை அறிக்கைகள், கொள்ளளவு அளவீடுகள், இறந்த தேதிகள் என்னிடம் இருக்கின்றன. நெறிக்குழு ஒப்புதலோடு, பெயர்களை நீக்கி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது. நான் அசாதயோப்ரின் எழுதிக்கொடுத்தவர்களின் தாள்களும் அவற்றில் இருக்கின்றன, எதையும் ஒதுக்கிவைக்கவில்லை. இந்த நோயில் வேலை செய்யும் எந்தக் குழுவுக்கும் தரத் தயார். கேளுங்கள்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய் மருத்துவன் ஒருவன்